'பேக்' என்றால் பையா, முதுகா? ஆங்கில ஆசிரியர் கையேடு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கையேட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். தமிழ்வழி அரசுப் பள்ளிகளில் 4 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு ஆங்கிலம் நடத்தும் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து எழுதும் மடல் இது. உச்சரிப்புப் பயிற்சிக்கான இணை விளையாட்டு என்ற பகுதி கையேடுகளில் பெரும்பாலும் அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. 'மாணவர்களை இருவர் இருவராக அமர்த்தவும், சொற்களை மாறி மாறிச் சொல்லச் செய்யவும், ஆசிரியர் சுற்றிவந்து திருத்தவும்' என்று மூன்று வரி. இதில் விளையாட்டு எங்கே இருக்கிறது? சரியாகச் சொன்னாலும் ஒன்றும் ஆவதில்லை, தப்பாகச் சொன்னாலும் ஒன்றும் ஆவதில்லை. 40 பிள்ளைகள், 20 இணைகள். ஆசிரியர் ஒரு இணைக்குக் காது கொடுக்கும்போது மற்ற 19 இணைகளும் தத்தம் தவறைத் திரும்பத் திரும்பச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்கின்றன.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். சொல்பவர் சொன்னதைக் கேட்டு, கேட்பவர் கண்ணுக்குத் தெரியும்படி ஏதாவது செய்ய வேண்டும். படத்தைத் தொட வேண்டும், எண்ணை எழுத வேண்டும், கொட்டையை வைக்க வேண்டும். அவர் தொட்ட படம்தான் மதிப்பெண். சொன்னவர் பையை நினைத்துச் சொல்ல, கேட்டவர் முதுகைத் தொட்டால், திருத்த ஆசிரியர் தேவையில்லை. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு கையேட்டில் உள்ள ஆட்டங்களை எல்லாம் சலித்துப் பாருங்கள். பாதிக்குமேல் கழிந்துவிடும்.

அடுத்தது சொற்பட்டியல். வெளிநாட்டுப் புத்தகங்களிலிருந்து எடுத்த பட்டியல்களில் முதலில் வருவது கப்பலும் செம்மறி ஆடும். அடுத்து, ரகரத்தையும் லகரத்தையும் பிரிக்கும் சொற்கள். ஜப்பானியப் பிள்ளைக்கு ர, ல தொல்லை. நமக்கோ ர, ற, ல, ள, ழ என்று ஐந்து இருக்கின்றன. குறில் நெடில் வேறுபாட்டை ஒன்றாம் வகுப்பிலேயே கற்றுவிட்ட பிள்ளைக்கு 'ஷிப்', 'ஷீப்' ஒரு பொருட்டே அல்ல. பத்து நிமிடமும் பத்துக்குப் பத்து வாங்கிவிட்டு, கற்க வேண்டியதைக் கற்காமலே எழுந்து போகும்.

நம் பிள்ளைகளுக்குச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 'பேக்' என்று தமிழில் எழுதிக் காட்டினால் அது தோளில் மாட்டும் பையா, முதுகா, மூட்டை கட்டுவதா, அடுமனையில் ரொட்டி சுடுவதா? நான்கு ஆங்கிலச் சொற்கள், ஒரே எழுத்துக்கூட்டல். 'பேன்' இன்னும் மோசம். வாணலியும் அதுவே, மின்விசிறியும் பாதிப்பேர் எழுத்தில் அதுவே, தலையில் ஊர்வதும் அதுவே. பாடநூலில் ஆங்கிலச் சொல்லுக்கு மேல் பென்சிலால் தமிழில் ஒலிப்பு எழுதிவைக்கும் பழக்கம் வகுப்பறைகளில் ஊறிப்போயிருக்கிறது. எந்த வேறுபாட்டைக் கற்க வேண்டுமோ அதை அந்தப் பென்சில் கோடு அழித்துவிடுகிறது. ஆகவே விளையாட்டுத் தாளில் ஆங்கில எழுத்தும் வேண்டாம், தமிழ் எழுத்தும் வேண்டாம், படம் மட்டும் போதும். இந்த மடலிலும் சொற்களைப் பெரும்பாலும் பொருளால்தான் சுட்டுகிறோம். தமிழெழுத்தில் ஒலியை எழுதினால் நாங்களும் அதே குழியில் விழுவோம்.

எங்கள் அனுபவத்தில் முதலில் எடுக்க வேண்டிய இணைகள் இவை: வாணலி, மின்விசிறி (pan, fan). பனியன், மேற்குத் திசை (vest, west). பனிக்கட்டி, கண்கள் (ice, eyes). விலை, பரிசு (price, prize). பை, முதுகு (bag, back). குண்டூசி, குப்பைத்தொட்டி (pin, bin). மாநிலம், எஸ்டேட் (state, estate). 13, 30. இவற்றில் பல ஊருக்கு ஊர் மாறும். ஒசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைக்குக் குண்டூசியும் குப்பைத்தொட்டியும் குழம்பாது. வாணியம்பாடி, ஆம்பூரில் உருது பேசும் பிள்ளைக்கு விசிறியின் முதல் ஒலியும், கண்களின் கடைசி ஒலியும் தாய்ப்பாலோடு வந்தவை. அந்தப் பிள்ளைகளை வகுப்பின் மாதிரிக் குரலாக நிறுத்தலாம் என்று கையேட்டில் ஒரு வரி எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இதுவரை எங்கள் கண்ணில் அப்படி ஒரு வரி படவில்லை.

'திங்க்' என்பதில் வரும் பல்லொலிக்காகத் தயவுசெய்து பாடவேளையைச் செலவிடாதீர்கள். மெல்லிய என்ற பொருளுள்ள சொல்லை நம் தகரத்தாலும், தகரடப்பாவை டகரத்தாலும் சொல்கிறோம். இலண்டன் ஒலியாக அது இராது. ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று குழம்புவதில்லை. நாக்கைப் பல்லுக்கு வெளியே நீட்டச் சொல்லி வகுப்பே சிரித்து அமளியாவதுதான் மிச்சம். நமக்கு வேண்டியது கேட்பவருக்குப் புரிகிற ஆங்கிலம். பிபிசி வாசிப்பாளரின் நாக்கு வேண்டியதில்லை.

இனி ஆட்டம். இரண்டு பேருக்கு ஒரு நோட்டின் கடைசிப் பக்கம் போதும். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் வாணலி, வலப்பக்கம் மின்விசிறி. பிள்ளைகளே வரையட்டும், 2 நிமிட வேலை. இருவருக்கும் நடுவே புத்தகப் பையை மதிலாக நிறுத்த வேண்டும். சொல்பவர் கையில் ஒரு புளியங்கொட்டை. தாயம் ஆடத் தேய்ப்பதுபோல் ஒரு பக்கம் தரையில் உரசி வெள்ளையாக்கியது. மதிலுக்குப் பின்னால் அதை உருட்டி, வெள்ளை விழுந்தால் வாணலி, கறுப்பு விழுந்தால் விசிறி என்று குறித்துக்கொண்டு சொல்ல வேண்டும். கேட்பவர் இ அல்லது வ என்று எழுதுவார். 10 முறை முடிந்ததும் மதிலை எடுத்துவிட்டு இரண்டு பட்டியலையும் ஒப்பிட வேண்டும்.

கொட்டை எதற்கு என்று கேட்கலாம். பிள்ளையை அதன் போக்கில் விட்டால் வாணலி, விசிறி, வாணலி, விசிறி என்று மாற்றி மாற்றித்தான் சொல்லும். நான்காவது சொல்லுக்குள் கேட்பவர் அந்தத் தாளத்தைப் பிடித்துவிடுவார், அப்புறம் காதுக்கு வேலையில்லை. பூவா தலையா போட நாணயமும் ஆகும். ஆனால் 20 நாணயங்கள் வகுப்பில் உருண்டால் மணி அடிக்கும்போது 20 திரும்பி வராது.

மதிப்பெண்ணைப் படிப்பதில் ஒரு நுட்பம் உண்டு, அதைக் கையேடு கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்வதால், காதைப் பொத்திக்கொண்டு எழுதினாலும் சராசரியாக 10-க்கு 5 கிடைக்கும். 5 வாங்கிய இணையைப் 'பாதி தேறிவிட்டது' என்று எண்ணக் கூடாது. ஒன்றுமே கடக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். 8 அல்லது அதற்கு மேல் குருட்டடியாக வர வாய்ப்பு 1024-ல் 56, அதாவது நூற்றுக்கு ஐந்தரை. 9 அல்லது அதற்கு மேல் என்றால் 1024-ல் 11. ஆகவே 8 வந்தால் இன்னொரு சுற்று, 9 வந்தால் அடுத்த இணைச் சொல். 1, 2 என்று மிகக் குறைவாக வந்தால் அதுவும் நல்ல செய்திதான். வேறுபாடு கேட்கிறது, பக்கம் மட்டும் மாறியிருக்கிறது.

எங்கெல்லாம் கெட்டுப்போகும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறோம், கையேடுகள் தொடாத இடம் அது. முதலில் உதடு. வாணலிக்கு இரண்டு உதடும் ஒட்டும், விசிறிக்கு ஒட்டாது. எதிரே உட்கார்ந்த பிள்ளை காதால் கேட்காமல் கண்ணால் படித்துவிடும். கற்றுக்கொடுக்கும் கட்டத்தில் உதட்டைப் பார்க்கத்தான் வேண்டும். மதிப்பெண் சுற்றில் கூடாது. முதுகோடு முதுகு உட்காரவைக்கலாம், இல்லையேல் வாய்க்கு முன் நோட்டைப் பிடிக்கலாம்.

அடுத்தது குசுகுசுப்பு. சத்தம் பக்கத்து வகுப்புக்குப் போகிறது என்று 'மெதுவாகப் பேசுங்கள்' என்கிறோம். பிள்ளைகள் குசுகுசுக்கத் தொடங்குவார்கள். குசுகுசுப்பில் குரல்நாண் அதிராது. பனிக்கட்டிக்கும் கண்களுக்கும், விலைக்கும் பரிசுக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி அந்த அதிர்வில்தான் இருக்கிறது. அதை நிறுத்திவிட்டு வேறுபடுத்து என்றால் எப்படி? தாழ்ந்த குரலில் பேசலாம், குசுகுசுக்கக் கூடாது. சத்தத்தைக் குறைக்க வேண்டுமானால் பாதி இணைகளை வராந்தாவுக்கோ வேப்பமரத்தடிக்கோ அனுப்புவது மேல்.

மூன்றாவது சிக்கல்தான் மிகவும் தந்திரமானது. இரண்டு வாரம் ஒரே இணையாக ஆடினால் பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு சங்கேதம் உண்டாக்கிக்கொள்வார்கள். வாணலியை மெல்லவும் விசிறியை உரக்கவும் சொல்வது, ஒன்றின் முடிவில் குரலை ஏற்றுவது, இப்படி. மதிப்பெண் 10-க்கு 10 வரும், உச்சரிப்பு பழையபடியே இருக்கும். ஏமாற்ற வேண்டும் என்று செய்வதில்லை, எப்படியாவது புரியவைக்கத் துடிக்கும் மனத்தின் இயல்பு அது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை கேட்பவரை மாற்றிவிட்டால் சங்கேதம் செத்துவிடும். முன் பெஞ்சில் இருப்பவர்கள் அசையாமல் பின் பெஞ்சில் இருப்பவர்கள் மட்டும் ஓரிடம் நகர்ந்தால் அரை நிமிடத்தில் இணைகள் மாறிவிடும். வகுப்பில் ஒற்றைப்படை எண்ணிக்கை வந்தால் மூவர் குழு ஒன்று. மூன்றாமவரும் தனியே எழுதட்டும். இரண்டு பட்டியலும் வேறுபட்டால் யாருடைய காது, யாருடைய வாய் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

குண்டூசி, குப்பைத்தொட்டி இணைக்குத் தாள் சோதனை நன்றாக உதவும். செய்தித்தாளில் 2 செ.மீ. அகலம், 15 செ.மீ. நீளம் கிழித்து, வாய்க்கு இரண்டு விரல்கடை முன்னால் தொங்கவிட வேண்டும். ஆங்கிலக் குண்டூசியின் முதல் ஒலியில் மூச்சு சேர்ந்து வெடிப்பதால் தாள் துள்ளும். குப்பைத்தொட்டிக்குத் துள்ளாது. நம் தமிழ்ப் பகரத்துக்கும் துள்ளாது, அதனால்தான் நம் குண்டூசி வெளியூர்க் காதில் தொட்டியாக விழுகிறது. மேலே விசிறி ஓடினால் இந்தச் சோதனை பாழ், அணைத்துவிட்டுச் செய்யுங்கள். வாணலி, விசிறி இணைக்கு இந்தத் தாளைக் கொண்டுபோகாதீர்கள். இரண்டுக்கும் காற்று வருவதால் தாள் இரண்டுக்கும் ஆடும், பிள்ளை குழம்பும். அங்கே கீழுதட்டை மேற்பல் தொடுகிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பதே சரி. பனியனுக்கும் அதே பல்தான். பல்லை உதட்டில் வைத்து இரண்டு நொடி வண்டுபோல் ரீங்கரித்துவிட்டு விட வேண்டும். மேற்குக்குப் பல்லே படக்கூடாது. 'உ' என்று உதட்டைக் குவித்து, குவிந்தபடியே 'எஸ்ட்' சொன்னால் வந்துவிடும்.

பையையும் முதுகையும் பிரிப்பது கடைசி மெய் என்று சொல்லிக்கொடுக்கிறோம். காதுக்கு அதைவிடத் தெளிவாகத் தெரிவது நடுவிலிருக்கும் உயிரின் நீளம். பையில் அது முதுகில் இருப்பதைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீளும். மாத்திரையைக் கைநொடியால் அளந்த மொழியின் பிள்ளைகள் இவர்கள். இலக்கணத்தில் படித்ததை இங்கே எடுத்துக்கொடுங்கள். முதுகுக்கு விரலைச் சொடுக்கிய உடனே நிறுத்து, பைக்குச் சொடுக்கிவிட்டு இன்னும் அரைச் சொடுக்கு இழு. கடைசி மெய்யை அழுத்திச் சொல்ல வைத்தால் அதன் வாலில் ஓர் உகரம் ஒட்டிக்கொண்டு 'பேகு' ஆகிவிடும்.

அந்த உகரத்துக்கென்றே ஓர் ஆட்டம் வேண்டும். வல்லினத்தில் முடியும் சொல்லை உகரம் இல்லாமல் விடத் தமிழ் வாய்க்கு மனம் வராது. புக்கு, கப்பு, டெஸ்க்கு. குற்றியலுகரம் நம் இரத்தத்தில் ஊறியது. சொல்பவர் ஒரு சொல்லைச் சொல்ல, கேட்பவர் காதில் விழுந்த அசை ஒவ்வொன்றுக்கும் ஒரு புளியங்கொட்டை வைப்பார். இது நேர், நிரை பார்க்கும் அசை அல்ல. ஓர் உயிரொலிக்கு ஒரு கொட்டை, அவ்வளவுதான். புத்தகம், கோப்பை, பால், விளக்கு, மேசை (desk) என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்களுக்கு ஒரு கொட்டைதான் விழ வேண்டும். இரண்டு விழுந்தால் சொன்னவர் ஒன்றை இழப்பார். சொல்லின் முன்னால் ஒட்டும் இகரத்துக்கும் இதே ஆட்டம். மாநிலம் என்றால் ஒரு கொட்டை, வால்பாறையில் தேயிலை விளையும் இடம் என்றால் இரண்டு. 'இஸ்டேட்' என்று சொல்லிவிட்டு மாநிலம் என்று சாதிக்க முடியாது.

உகரத்தைக் கழற்றும் வழியும் இலக்கண வகுப்பிலேயே இருக்கிறது. நிலைமொழி குற்றியலுகரத்தில் முடிந்து வருமொழி உயிரில் தொடங்கினால் உகரம் கெடும். நாடு, இல்லை சேர்ந்தால் நாடில்லை. அதுபோல ஆங்கிலச் சொல்லுக்கு அடுத்து உயிரில் தொடங்கும் ஒரு சொல்லை வைத்துப் பழக்குங்கள். 'கப் ஆஃப் டீ' என்பதைக் 'கப்பாஃப்டீ' என்று ஒரே மூச்சில் சொல்லும்போது உகரம் தானே ஓடிவிடும். பத்து முறை அப்படிச் சொன்ன பிறகு கடைசிச் சொற்களை வெட்டிவிட்டுக் கோப்பையை மட்டும் சொல்லச் சொன்னால் உகரம் இல்லாமல் வரும். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒருவர் பாடத்தை ஒருவர் எட்டிப்பார்த்தால் நடக்கக்கூடியது இது.

13, 30 வகையறாவுக்கு விலைப்பட்டியல் ஆட்டத்தைவிடச் சிறந்தது எங்களுக்குத் தெரியாது. ஒருவர் கடைக்காரர், மற்றவர் வாங்குபவர். கடைக்காரர் தாளில் தக்காளி 14, வெங்காயம் 40, கத்தரிக்காய் 50, வெண்டைக்காய் 16, முருங்கைக்காய் 18. வாங்குபவர் தாளில் காய்களின் பெயர் மட்டும். விலையை ஆங்கிலத்தில் கேட்டு எழுதி, கூட்டிப் பார்க்க வேண்டும். கடைக்காரர் கணக்கில் 138. வாங்குபவருக்கு 182 வந்தால் எங்கோ பிசகு. எங்கே? 182-க்கும் 138-க்கும் வேறுபாடு 44. 16-ஐ 60 என்று எடுத்தால்தான் 44 வரும். 13, 30-க்கு வேறுபாடு 17. 14, 40-க்கு 26. பிறகு 35, 44, 53, 62, 71 என்று ஒன்பது ஒன்பதாக ஏறும். எந்த இரண்டும் ஒன்றல்ல. ஆகவே ஒரே ஒரு பிழை என்றால் கூட்டுத்தொகையே அது எந்த எண் என்று காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு பிழை இருந்தால் மட்டும் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிவரும். 17-ம் 44-ம் சேர்ந்தாலும் 61, 26-ம் 35-ம் சேர்ந்தாலும் 61.

இந்த எண்கள் ஏன் குழம்புகின்றன? பேச்சுத் தமிழில் 'வந்தேன்' என்பதை நாம் யாரும் கடைசி ன் ஒலிக்கச் சொல்வதில்லை, அது மூக்கில் கரைந்துவிடுகிறது. அதே பழக்கத்தில் 13-ன் கடைசி மெய்யும் கரைகிறது, மிஞ்சுவது 30. மருந்து எளிது. விலையோடு 'எ கிலோ' என்று சேர்த்துச் சொல்லவையுங்கள். அடுத்து உயிர் வருவதால் ன் வெளியே வந்தே தீரும். அழுத்தமும் உதவும். 13-க்குப் பின்பாதியில், 30-க்கு முன்பாதியில். ஆனால் வகுப்பே சேர்ந்து 13, 14, 15 என்று வரிசையாகக் கத்தும் பயிற்சியை விட்டுவிடுங்கள். வரிசையாக எண்ணும்போது அழுத்தம் முன்பாதிக்கு நகர்ந்துவிடும், ஆங்கிலம் பிறந்த ஊரிலும் அப்படித்தான். எதை மாற்ற விரும்புகிறோமோ அதையே கூட்டாகப் பழக்குவதாகிவிடும்.

7, 8 வகுப்புகளுக்குப் பேருந்துத் தட ஆட்டம் ஏற்றது. ஒரு தாளைப் படுக்கையாக வைத்து, மேலே ஒரு புறப்பாடு. அங்கிருந்து இரண்டாகப் பிரியும் சாலை, அது மீண்டும் இரண்டாக, இப்படி நான்கு முறை. கீழே 16 நிறுத்தங்கள், இடமிருந்து வலமாக 1 முதல் 16 வரை எண். முதல் பிரிவில் வாணலி என்றால் இடம், விசிறி என்றால் வலம். இரண்டாவதில் பனியன் இடம், மேற்கு வலம். மூன்றாவதில் பனிக்கட்டி, கண்கள். நான்காவதில் முதுகு, பை. சொல்பவர் மனத்துக்குள் ஒரு நிறுத்தத்தை வைத்துக்கொண்டு நான்கு சொற்களைச் சொல்ல, கேட்பவர் விரலை ஓட்டிச் சென்று இறங்குவார். 11-ல் இறக்க நினைத்தவர் 3-ல் இறங்கினால் வேறுபாடு 8, முதல் பிரிவில் பிழை. 4 என்றால் இரண்டாவது, 2 என்றால் மூன்றாவது, 1 என்றால் நான்காவது. ஒன்றுக்குமேல் பிழை இருந்தால் இந்தக் கணக்கு உதவாது, விரலைத் திருப்பி ஓட்டிப் பார்க்க வேண்டியதுதான். நிறுத்தங்களுக்கு உங்கள் வட்டாரத்து ஊர்ப்பெயர்களையே வையுங்கள். தவறான ஊரில் இறக்கிவிட்டதற்காக நடக்கும் சண்டையில் அடுத்த சுற்றின் உச்சரிப்பு தானே கூர்மையாகும்.

இறந்தகால வினைக்குக் கழுதை ஆட்டத்தின் சாயலில் ஒரு சீட்டாட்டம். பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி 24 சீட்டுகள். வாக், வாஷ், லுக், குக், வாட்ச், ஸ்டாப், லாஃப், புஷ் என்று எட்டு. ப்ளே, கால், க்ளீன், ஓபன், லவ், லிவ், க்ரை, கேரி எட்டு. வான்ட், நீட், ஸ்டார்ட், எண்ட், வெயிட், பெயின்ட், கவுன்ட், பிளான்ட் எட்டு. சீட்டில் நிகழ்கால வடிவம் மட்டுமே இருக்க வேண்டும். இறந்தகால வடிவத்தை எழுதிவைத்தால் எல்லாமே ஒரே இரண்டெழுத்தில் முடிவதைப் பார்த்து 'வாக்கெட்', 'லுக்கெட்' என்றுதான் வாசிப்பார்கள். ஆளுக்கு 12 சீட்டு, மாறி மாறி இறக்க வேண்டும். இறக்கும்போதே இறந்தகால வடிவத்தைச் சொல்ல வேண்டும். அடுத்தடுத்து விழுந்த இரண்டு சீட்டுகளின் முடிவு ஒரே வகையாக இருந்தால் முதலில் அடித்தவருக்குக் குவியல். முதல் எட்டு 'ட்' என்று முடியும், அடுத்த எட்டு அதன் அதிரும் இணையொலியில், கடைசி எட்டு மட்டும் ஓர் அசை கூடி 'இட்' ஆகும். 'ஆஸ்க்', 'ஜம்ப்', 'ஹெல்ப்' சொற்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். இறந்தகாலத்தில் மூன்று மெய் அடுக்கிவரும். அது அடுத்த ஆண்டுக்கு.

எந்த ஆட்டத்துக்கும் முன்னால் ஒரு கேட்டல் சோதனை தேவை. ஆசிரியர் 10 முறை சொல்ல, பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு இடக்கையோ வலக்கையோ தூக்க வேண்டும். கண் திறந்திருந்தால் முதல் பெஞ்சுக்காரர் தூக்கும் கையையே வகுப்பும் தூக்கும். கைகள் பாதிக்குப் பாதி பிரிந்தால் அன்று இணை ஆட்டம் வேண்டாம். காதில் விழாத வேறுபாடு வாயில் வராது. இன்னும் சில நாள் கேட்கவே வையுங்கள். பெரும்பாலான கைகள் ஒத்துப்போனால் தொடங்கலாம். 40 நிமிடப் பாடவேளையில் இதற்கு 12 நிமிடம் போதும். கேட்டல் 3, ஆளுக்கு 4 நிமிடமாக 8, ஒப்பிட 1. வாரம் இருமுறை. அதற்குமேல் போனால் சலித்து, கொட்டை எறியும் போட்டியாகிவிடும்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். எங்களில் பலருக்கே விலையும் பரிசும் ஒன்றுபோலத்தான் வாயில் வரும். நாங்களும் இதே பள்ளிகளில் படித்தவர்கள்தானே. 2018-ல் வந்த புதிய பாடநூல்களிலிருந்தே பாடங்களில் க்யூஆர் குறியீடு இருக்கிறது. ஒவ்வோர் இணைச் சொல்லுக்கும் 2 நிமிட ஒலிப்பதிவை அங்கே ஏற்றுங்கள். ஓர் ஆண்குரல், ஒரு பெண்குரல், இருவரும் இந்திய ஆங்கிலம் பேசுபவர்கள். பின்னணி இசை வேண்டாம். 10 முறை, ஒழுங்கற்ற வரிசையில், ஒவ்வொன்றுக்கும் இடையே 4 நொடி அமைதி. கைபேசி ஒலிபெருக்கியில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிறதா என்று ஒரு வகுப்பறையில் போட்டுப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். 'ஸ்' போன்ற உரசொலிகள்தான் முதலில் காணாமல் போகும்.

பயிற்சி முகாம்களில் இதை ஒளிப்படக்காட்சியாக ஓட்ட வேண்டாம். ஆசிரியர்களையே முதுகோடு முதுகு உட்காரவைத்து, கையில் ஆளுக்கொரு புளியங்கொட்டை கொடுங்கள். முதல் சுற்றின் மதிப்பெண்ணை யாரிடமும் கேட்காதீர்கள்.

அடுத்த பதிப்புக்கான வரைவு எழுதும்போது மேலே சொன்ன இணைகளில் மூன்றையாவது உங்கள் பக்கத்து வட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் ஒரு வாரம் ஆடிப்பார்த்துவிட்டு எழுதுங்கள். படத்தாள்களும் தட ஆட்டத்தின் வரைபடமும் எங்களிடம் ஆயத்தமாக இருக்கின்றன. கேட்டால் அனுப்பிவைக்கிறோம், உரிமைத்தொகை ஏதும் வேண்டாம். புளியங்கொட்டை மட்டும் நீங்களே தேய்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்வழி வகுப்புகளில் ஆங்கிலம் நடத்தும் ஆசிரியர்கள் சிலர்